பழந்தின்னி வௌவாலும் நிப்பா வியாதியும்

வௌவால்களின் உடலில் வாழும் சில நுண்கிருமிகள் மனிதரை அடைந்து கொடிய வியாதிகளை உண்டாக்குகின்றன என்பது இப்பொழுது பலரும் கேள்வியுற்ற விஷயம். ஆனால் அக்கிருமிகள் எவ்வழியாக மனிதரை அடைகின்றன என்பதைத் தெளிவாய் அறிந்தவர் சிலரே. இவ்வறியாமையினால் இருவகைத் தீங்கு நேருகின்றது. சிலர் யாதொரு கவலையுமின்றி வௌவால் கடித்துப் போட்ட பழத்தை எடுத்து உண்கின்றனர். வேறு சிலர் வீண் அச்சங்கொண்டு, வௌவால்கள் தங்கும் மரங்களை வெட்டவும் அவற்றைக் கொல்லவும் முற்படுகின்றனர். இவ்விரண்டும் தவறாகும். இதுகாறும் பல தேசங்களில் நிகழ்ந்தவற்றை ஆராயுமிடத்து, வியாதி காட்டினின்று தானாக ஊருக்குள் வந்துவிடவில்லை என்பதும், தோப்பு, கொட்டில், கலயம் ஆகியவற்றை மக்கள் அமைத்துக்கொண்ட விதமே அதற்குப் பல முறை வழி திறந்துவிட்டது என்பதும் புலனாகும். இவை மூன்றும் குடியானவரின் கையில் உள்ளவை. ஆதலால் அவ்வழியை அடைப்பதும் பெரும்பாலும் அவர் கையிலேயே இருக்கின்றது.

வௌவாலின் இயல்பு

வௌவால்களில் சுமார் 1,400 வகைகள் உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை பூச்சிகளைத் தின்று வாழும் சிறு பிராணிகள். இங்கே முக்கியமாய்க் கவனிக்க வேண்டியவை பெரிய பழந்தின்னி வௌவால்களே. ஆல், அரசு, புளி முதலிய உயர்ந்த மரங்களில் பகல் முழுவதும் கூட்டமாய்த் தலைகீழாகத் தொங்குபவை இவையே. இறக்கைகளை விரித்தால் ஒரு நுனி முதல் மறு நுனி வரை மூன்று அடிக்கு மேல் இருக்கும். பெண் வௌவால் சாதாரணமாய் ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும். அந்தி சாய்ந்ததும் இரை தேடிப் புறப்பட்டு, ஒரே இரவில் பல மைல் தூரம் சென்று, விடியுமுன் தங்குமிடம் திரும்பும்.

இவை பழத்தை முழுவதுமாக விழுங்குவதில்லை. வாயிலிட்டு நசுக்கிச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு சக்கையைத் துப்பிவிடும். பாதி கடித்த பழத்தைக் கீழே நழுவ விடுவதும் உண்டு. தின்னும் மரத்திலேயே சிறுநீரும் எச்சமும் கழிக்கும். இப்பழக்கங்களை மனத்திற்கொண்டால் பின்னர்க் கூறப்படுவன யாவும் எளிதில் விளங்கும்.

நிப்பா என்னும் கிருமி இவ்வகை வௌவால்களின் உடலில் நெடுங்காலமாகவே இருந்து வருகின்றது. அது வௌவாலுக்கு வெளிப்படையான நோய் எதனையும் செய்வதில்லை. எல்லா வௌவால்களிடத்தும் எக்காலமும் அது இருப்பதுமில்லை. கூட்டத்தில் சிலவற்றினிடம் சில காலங்களில் மட்டும் பெருகி, உமிழ்நீரிலும் சிறுநீரிலும் வெளிப்படும். வெயிலிலும் வறட்சியிலும் அது விரைவில் அழியும்; சோப்பும் கொதிக்கும் சூடும் அதனைக் கொல்லும். ஆனால் ஈரமும் நிழலும் உள்ள இடத்திலும், பழச்சதையிலும் சாற்றிலும், சில மணி நேரம் முதல் சில நாள் வரை அது உயிருடன் இருக்கக்கூடும். அந்தக் குறுகிய காலத்திற்குள் வேறொரு பிராணியின் வாய்க்கோ மூக்கிற்கோ எட்டினாலன்றி அதனால் தீங்கு இல்லை. எட்டும்படி செய்பவை எவை என்பதே இங்கு ஆராயத்தக்கது.

மலேயா நாட்டில் நேர்ந்தது

இவ்வியாதி முதன்முதலில் வெளிப்பட்டது மலேசியாவில். 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பேராக் மாநிலத்து ஈப்போ நகருக்கு அருகே, பன்றி வளர்ப்போர் சிலருக்குக் கடுஞ்ஜுரமும் மயக்கமும் கண்டு மரணம் நேர்ந்தது. கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளை ஜுரமே இது எனக் கருதப்பட்டது. கொசுவை ஒழிக்க மருந்துப் புகை அடிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது. எனினும் வியாதி தணியவில்லை.

இது கொசுவின் வேலையன்று என்பதற்கு அறிகுறிகள் கிராமத்திலேயே காணப்பட்டன. கொசு குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒருங்கே கடிக்கும். ஆனால் நோயுற்றவர்களோ பெரும்பாலும் பன்றிகளைத் தொட்டு வேலை செய்த வயது வந்த ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றனர். அன்றியும், மனிதர் நோயுறுமுன் பன்றிகளும் உரத்த இருமல் கண்டு நோயுற்றிருந்தன. பன்றிகளுள் இறந்தவை சிலவே ஆனதால், அது பெரிதாக எண்ணப்படவில்லை.

இதற்கிடையில் பன்றிகள் லாரிகளில் ஏற்றப்பட்டுத் தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலத்திற்கு அனுப்பப்பட்டன. அவற்றுடன் வியாதியும் சென்றது. அங்கே முன்னினும் பலர் மாண்டனர். 1999-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங் என்பவர், இது அதுவரை அறியப்படாத புதியதொரு கிருமி எனக் கண்டறிந்தார். நோயாளி ஒருவரின் ஊராகிய சுங்கை நிப்பாவின் பெயரே கிருமிக்கு இடப்பட்டது. அதே மாதத்தில் சிங்கப்பூரில், மலேசியாவினின்று வந்த பன்றிகளை அறுத்த இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்று, அவருள் ஒருவர் இறந்தார். மலேசியாவில் நோயுற்றோர் 265 பேர். இறந்தோர் 105 பேர். வியாதியை நிறுத்தும் பொருட்டுப் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பல குடும்பங்கள் அத்தொழிலையே இழந்தன.

இத்துணை நஷ்டத்திற்கும் தொடக்கம் யாது? ஈப்போவுக்கு அருகே வியாதி தொடங்கிய பண்ணையில் 30,000-க்கு மேற்பட்ட பன்றிகள் இருந்தன. வருமானத்தைப் பெருக்கும் நோக்கத்துடன் கொட்டில்களை ஒட்டியே மாமரங்களும் பிற பழமரங்களும் வைக்கப்பட்டிருந்தன. இரவில் வௌவால்கள் அம்மரங்களுக்கு வந்தன. அவை கடித்த பழங்கள் நேரே கொட்டிலுக்குள் விழுந்தன. பன்றிகள் அவற்றைத் தின்றன. பின்னர் தியோமான் தீவில் வௌவால்களின் சிறுநீரிலும், அவை கடித்து விட்ட ஜம்புப் பழத்திலும் இக்கிருமி நேரிடையாகவே கண்டெடுக்கப்பட்டது.

மற்றொரு விஷயமும் இங்கு நோக்கத்தக்கது. சிறு மந்தையில் இக்கிருமி புகுந்தால் எல்லாப் பிராணிகளுக்கும் விரைவில் பரவி, இறந்தவை போக எஞ்சியவை தேறியபின், புதிதாய்ப் பற்றுவதற்குப் பிராணியின்றித் தானே ஒழிந்துவிடும். பெரிய பண்ணையிலோ நாள்தோறும் புதுக் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும். ஒரு முறை கிருமி வந்து போன மந்தையில் அது இரண்டாம் முறை புகுந்தபொழுது, நோயைத் தாங்கும் சக்தியற்ற இளம் பன்றிகள் அடுத்தடுத்துக் கிடைத்தமையால், மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டது. பழமரமும் கொட்டிலும் தனித்தனியே இருந்திருப்பின் இரண்டினாலும் லாபமே; ஒன்றையொன்று ஒட்டி நின்றதே கேட்டிற்குக் காரணமாயிற்று.

ஆஸ்திரேலியாவில் குதிரைகள்

மலேசியாவில் கண்டதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1994-இல், ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரைச் சேர்ந்த ஹெண்ட்ரா என்னுமிடத்துக் குதிரை லாயம் ஒன்றில், இதற்கு நெருங்கிய இனமான மற்றொரு கிருமி தோன்றியது. பல குதிரைகளும் அவற்றைப் பழக்கியவரும் மாண்டனர். அக்கிருமி இதுவரை மனிதர் ஏழு பேரைப் பற்றியுள்ளது, நால்வர் இறந்தனர். எழுவரும் நோயுற்ற குதிரைகளிடமிருந்தே அதனைப் பெற்றவர்கள். காயமுற்ற வௌவால்களைத் தம் கையாலேயே எடுத்து வளர்ப்போர் அந்நாட்டில் பலர் உண்டு; அவர்களைப் பரிசோதித்ததில் ஒருவரிடத்தும் அக்கிருமி பற்றிய அடையாளம் காணப்படவில்லை. வௌவாலுக்கும் மனிதனுக்கும் நடுவே குதிரை பாலமாய் நின்றது. வௌவால் மேயும் மரத்தடியில் குதிரைக்குத் தீனியும் தண்ணீரும் வைத்ததே அப்பாலத்தை அமைத்தது. அத்தொட்டிகளை மரநிழலை விட்டு அகற்றிக் கூரையின் கீழ் வைக்க வேண்டுமென்பதே அங்குள்ளோர்க்கு முதலில் கூறப்பட்ட யோசனை. 2012-ஆம் ஆண்டு முதல் குதிரைகளுக்குத் தடுப்பூசியும் கிடைக்கின்றது.

வங்காளத்து ஈச்சஞ்சாறு

வங்காள தேசத்தில் 2001-ஆம் ஆண்டு முதல் நிப்பா வியாதி அடிக்கடி கண்டு வருகின்றது. அங்கே நடுவில் பன்றியும் இல்லை, குதிரையும் இல்லை. குளிர்காலத்தில் ஈச்ச மரத்தின் மேற்பட்டையைச் சீவி, அவ்விடத்தினின்று இரவு முழுவதும் வடியும் சாற்றை மண்கலயத்தில் பிடித்து, விடியற்காலையில் பச்சையாகவே குடிப்பது அந்நாட்டு வழக்கம். வியாதியும் பெரும்பாலும் அக்குளிர்கால மாதங்களிலேயே தோன்றியது. 2005-இல் டாங்காயில் ஜில்லாவில் நோயுற்றோரை விசாரித்தபொழுது, பச்சைச் சாறு குடித்தமையே காரணமெனத் தெரிந்தது. பின்னர் இருளிலும் படம் பிடிக்கும் கருவிகளை மரங்களில் பொருத்திப் பார்த்ததில், வௌவால்கள் வந்து சீவிய இடத்தை நக்குவது தெளிவாய்க் காணப்பட்டது. அவற்றின் உமிழ்நீரும் சிறுநீரும் சாற்றுடன் கலயத்தில் கலந்துவிடுகின்றன.

இதற்குக் கண்ட பரிகாரம் மிகவும் எளியது. மூங்கில் சிம்புகளால் பின்னிய தட்டியைச் சீவிய இடமும் கலயத்தின் வாயும் மறையும்படி சுற்றிக் கட்டினால் வௌவால் அணுக முடிவதில்லை. அங்குள்ள மரமேறிகள் சிலர் சாறு வீணாகாதிருக்கும் பொருட்டு முன்னமே கையாண்டு வந்த முறை இதுவே. சாற்றை நன்கு காய்ச்சி வெல்லமாக்கினால் கிருமி இறந்துவிடும்; ஆதலால் வெல்லத்தினால் அச்சமில்லை.

ஆயினும் வங்காளத்தில் கண்ட இன்னொரு செய்தி மிகவும் கவலைக்குரியது. அங்கே நோயுற்றோரில் பத்துக்கு ஏழு பேர் வரை இறந்தனர். மேலும், நோயாளியின் அருகிருந்து வாயைத் துடைத்தும் ஊட்டியும் பணிவிடை செய்த உறவினருக்கும் நோய் தொற்றியது.

கேரளத்தில் கண்டவை

2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், கேரளத்தில் கோழிக்கோடு ஜில்லாவைச் சேர்ந்த பேராம்பிரைப் பகுதியில் இவ்வியாதி தோன்றி 17 பேர் உயிரிழந்தனர். முதலில் நோயுற்ற இளைஞர் ஒருவரிடமிருந்து குடும்பத்தாருக்கும், ஆஸ்பத்திரியில் அருகிருந்தோருக்கும், அவருக்குச் சிகிச்சை செய்த நர்சுக்கும் அது பரவியது. அதாவது வௌவாலிடமிருந்து வந்தது ஒரு முறையே. எஞ்சியவை யாவும் மனிதரிடமிருந்து மனிதருக்கு வந்தவை. அக்குடும்பத்தார் புதிதாய்க் குடிபுக இருந்த வீட்டுக் கிணற்றில் வௌவால்கள் இருந்தமையால் முதலில் அவற்றின்மீதே சந்தேகம் எழுந்தது. அவை பூச்சி தின்னும் சிறு வௌவால்கள். பரிசோதனையில் அவற்றில் கிருமி இல்லை. அப்பகுதியில் பிடித்த பழந்தின்னி வௌவால்களில் சிலவற்றிலேயே அது காணப்பட்டது.

2019, 2021, 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலும் கேரளத்தில் இவ்வியாதி கண்டது. எனினும் முதல் நோயாளியை விரைந்து கண்டுபிடித்து, அவருடன் பழகியவர்களைத் தனியே வைத்துக் கவனித்தமையால், 2018-இல் போல் அது பரவவில்லை. அந்நாட்டை அடுத்துள்ள கோயம்புத்தூர், நீலகிரி, தேனி, தென்காசி, கன்னியாகுமரி முதலிய ஜில்லாக்களில் உள்ளோர் இவ்விஷயத்தில் அசட்டையாயிருத்தல் கூடாது. அங்குள்ளவையும் இங்குள்ளவையும் ஒரே இன வௌவால்களே. மாநில எல்லை அவற்றிற்கு எல்லையாகாது.

வௌவால்களைக் கொல்வதால் பயனுண்டா?

இவற்றைப் படித்தவுடன் வௌவால்களை அடியோடு அழித்துவிட்டால் என்ன என்று சிலருக்குத் தோன்றலாம். அவ்வாறு செய்து பார்த்த இடமும் உண்டு. ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டுக் கிடாகா சுரங்கத்தில், 2007-இல், வௌவால்களிடமிருந்து மார்பர்க் என்னும் வேறொரு கிருமி தொழிலாளர்களைப் பற்றியது. சுரங்கத்து வௌவால்கள் யாவும் அதன்பின் அழிக்கப்பட்டன. சில ஆண்டுகளில் புது வௌவால்கள் அங்கே வந்து குடியேறின. 2012-இல் அப்பக்கத்து ஊர்களில் வியாதி மீண்டும் கிளம்பியபொழுது பரிசோதித்ததில், முன்பு நூற்றுக்கு 5 என்றிருந்த கிருமியுள்ள வௌவால்களின் விகிதம் நூற்றுக்கு 13 ஆக உயர்ந்திருந்தது. பழைய கூட்டத்தில் பல ஒரு முறை கிருமியைப் பெற்றுத் தேறியவை. புதிதாய் வந்தவற்றிற்கு அச்சக்தி இல்லை. ஆதலால் கொன்றது தீமையையே வளர்த்தது.

மரங்களை வெட்டுவதும் இத்தகையதே. கிழக்கு ஆஸ்திரேலியாவில் குளிர்காலத்தில் பூக்கும் காடுகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டன. அவற்றின் தேனை நம்பியிருந்த வௌவால்கள் இரையின்றிப் பண்ணைகளையும் ஊர்களையும் அடுத்தே ஆண்டு முழுவதும் தங்கலாயின. குதிரைகளுக்கு வியாதியும் மிகுந்தது. எஞ்சிய காடு குளிர்காலத்தில் நன்கு பூத்த ஆண்டுகளிலோ வௌவால்கள் அங்கே சென்றுவிட்டன, குதிரைகள் நோயுறவில்லை. 2022-இல் வெளியான நீண்டகால ஆராய்ச்சி ஒன்றின் முடிவு இது. தங்குமிடத்தையும் இரையையும் இழந்த வௌவால் மறைந்துபோவதில்லை. கொட்டிலை நாடியே வருகின்றது.

அன்றியும் வௌவால் குடியானவருக்கு உதவியும் புரிகின்றது. இலுப்பை, இலவு முதலிய இரவில் மலரும் மரங்களில் அது மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கின்றது. இலுப்பை, புன்னை ஆகியவற்றின் விதைகளைத் தொலைவில் பரப்புகின்றது. மலேசியாவில் விலையுயர்ந்த டுரியான் பழம் காய்ப்பதற்கும் அதன் உதவி வேண்டும். பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் பயிர்களைக் கெடுக்கும் அந்துகளை உண்கின்றன. தமிழ்நாட்டில் சில கிராமங்களில், ஊர் மரத்தில் தங்கும் வௌவால்கள் கலையாதிருக்கும் பொருட்டுத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் இருந்து வருகின்றனர். அவ்வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. கலைக்காது விட்ட கூட்டத்தைவிடக் கலைத்து ஓட்டிய கூட்டமே அஞ்சத்தக்கது.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. மாட்டுக் கொட்டில், ஆட்டுப்பட்டி, பன்றிக் கொட்டில் ஆகியவற்றை மா, கொய்யா, நாவல், சப்போட்டா முதலிய பழமரங்களின் அடியிலோ, அவற்றை ஒட்டியோ அமைத்தல் கூடாது. முன்னமே மரம் இருப்பின், கொட்டிலின் மேல் நீளும் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். கூரையும் ஒழுங்காக இருத்தல் வேண்டும்.

2. தீனித் தொட்டி, தண்ணீர்த் தொட்டி இவற்றை மரத்தடியினின்று நகர்த்திக் கூரையின்கீழ் வைக்க வேண்டும். கிணற்றிற்குக் கம்பி வலையாவது மூடியாவது இடுதல் நலம்.

3. பல் பட்ட பழங்களையும் கீழே விழுந்து கிடக்கும் பழங்களையும் உண்ணலாகாது, கால்நடைகளுக்கும் இடலாகாது. காலையில் அவற்றைக் கையுறையிட்டோ, கையில் படாமல் மண்வெட்டியாலோ சேகரித்துக் குழியில் புதைக்க வேண்டும். பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். சிறுவர்கள் காலையில் தோப்பில் பழம் பொறுக்குவதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

4. மரத்தினின்று பறித்த முழுப் பழங்களையும் நன்கு கழுவித் தோலை நீக்கி உண்ண வேண்டும்.

5. பனையிலும் தென்னையிலும் பாளையின் நுனி கலயத்தினுள் இருப்பினும், கலயத்தின் வாய் திறந்தே இருக்கின்றது. பதநீர் இறக்குவோர் பாளையையும் கலயத்தையும் சேர்த்து மூங்கில் தட்டியாலோ நெருங்கிய வலையாலோ மூடிக் கட்டுதல் வேண்டும். வௌவால் வந்ததற்கு அடையாளம் காணப்பட்ட கலயத்தின் பதநீரைக் குடிக்கலாகாது. காய்ச்சிய கருப்பட்டிக்கு இவ்வச்சம் இல்லை.

6. இறந்து கிடக்கும் வௌவாலையும், பறக்க இயலாது விழுந்ததையும் வெறுங்கையால் தொடலாகாது. வௌவால்கள் அடைந்துள்ள கிணற்றிலோ குகையிலோ தக்க பாதுகாப்பின்றி இறங்கலாகாது.

7. கொட்டிலில் பல பிராணிகள் ஒரே சமயத்தில் இருமலும் ஜுரமும் கண்டு நோயுற்றால், அவற்றை விற்பதோ வேறிடத்திற்கு ஓட்டிச் செல்வதோ கூடாது. உடனே கால்நடை மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும். மலேசியாவில் வியாதி தெற்கே சென்றது லாரிகளில்தான் என்பதை மறத்தலாகாது.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

கிருமி உட்புகுந்த பின் பெரும்பாலும் 4 முதல் 14 நாட்களுக்குள் நோய் வெளிப்படும். ஜுரம், தலைவலி, வாந்தி, இருமல் ஆகியவை முதலில் காணும். பின்னர் மயக்கம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு, மூச்சுத்திணறல் உண்டாகும். இதற்கென அங்கீகரிக்கப்பட்ட தனி மருந்தோ மனிதருக்கான தடுப்பூசியோ இன்னும் பொது உபயோகத்திற்கு வரவில்லை. ஆதலால் விரைந்து அறிவிப்பதே சிறந்த மருந்தாகும். ஒரே வீட்டிலோ, ஒருவரைக் கவனித்த இருவர் மூவருக்கோ, அடுத்தடுத்து ஜுரத்துடன் மயக்கம் கண்டால், காரணம் தெரியும்வரை காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

நோயாளிக்குப் பணிவிடை செய்வோர் ஒருவராக இருத்தல் நலம். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கையுறையணிந்து, அடிக்கடி சோப்பினால் கை கழுவ வேண்டும். மரணம் நேர்ந்தால் உடலைக் கழுவுதல், முகத்தோடு முகம் வைத்து அழுதல் ஆகிய வழக்கங்கள் பேரபாயமானவை. துயருற்ற குடும்பத்தாரிடம் இதனைக் கடுமையாய்க் கூறாது, அவர்தம் பிள்ளைகளின் உயிரைக் காக்கும் பொருட்டே கேட்கப்படுகின்றது என்பதை விளக்கி, சுகாதார இலாகாவார் காட்டும் முறைப்படி மரியாதையுடன் அடக்கம் நடைபெறச் செய்வது ஊர்ப்பெரியோரின் கடமை. நோயுற்ற குடும்பத்தை ஊரார் ஒதுக்கி வைப்பதற்கும் இடங்கொடுத்தலாகாது. ஒதுக்கப்படுவோம் என்று அஞ்சுகிறவர் நோயை மறைப்பர். மறைத்த நோயே ஊரெங்கும் பரவும்.

ஒரு மூங்கில் தட்டி, ஒரு தொட்டியை இருபது கஜம் நகர்த்தும் உழைப்பு, காலையில் தோப்பைக் கூட்டும் அரைமணி நேரம் ஆகிய இவற்றிற்கு ஆகும் செலவு சொற்பம். இவற்றைச் செய்யாது விட்டதனால் நேர்ந்த நஷ்டம் எத்தகையது என்பதற்கு ஈப்போவின் பண்ணைகளும் வங்காளத்துக் கிராமங்களும் சான்றாக உள்ளன. மாம்பழக் காலமும் பதநீர்க் காலமும் தொடங்குமுன் குடியானவர் ஒவ்வொருவரும் தம் தோப்பையும் கொட்டிலையும் ஒரு முறை சுற்றிப் பார்த்து, மரத்தினின்று விழுவது எங்கே விழுகின்றது என்பதைக் கவனித்து, வேண்டிய மாறுதல்களைச் செய்துகொள்வாராக.